துவைக்கிற கல்லும் 5ஜியும்

குலசேகரத்தில் எங்கள் வீட்டில் போன் பேச ஒரே ஒரு இடம்தான் உண்டு. கிணற்றடியில், துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றால் இரண்டு கட்டை சிக்னல். அம்மா அங்கே நின்றுதான் துபாயில் இருக்கும் தம்பியிடம் "மக்களே, கேக்குதா?" என்று கத்துவாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்குக்கூடக் கேட்கும், தம்பிக்குக் கேட்காது.

ஆனால் போனின் மூலையில் மட்டும் 5ஜி என்று கம்பீரமாக எழுதியிருக்கும். 2022 அக்டோபரில் 5ஜி வந்தது, சரி. அதற்கு அதிகம் பயன்படுகிற 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான். சுவரையும் மரத்தையும் கண்டால் சுணங்கிவிடும். எங்கள் ஊரில் மரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கம்பெனி மாறலாம் என்றால் எங்கே மாற? 2018இல் ஏர்செல் திவாலானது. அதே வருஷம் ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மறு வருஷம் டாடாவின் மொபைல் சேவை ஏர்டெல்லுக்குள் போனது. இப்போது தனியாரில் மிஞ்சியது மூன்று. 2024 ஜூலையில் மூவரும் அடுத்தடுத்த நாளில் கட்டணத்தை ஏற்றினார்கள். அதில் மட்டும் என்ன ஒரு வேகம்!

போன வாரம் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். "சார், கொஞ்சம் வெளியே வந்து பேசுங்க" என்றது ஒரு குரல். நான் வெளியேதான் நின்றேன். கல்லின் மேல், மழையில், ஒரு கையில் குடையோடு.