இரண்டு குச்சி, ஐந்து விரல்

மலாக்காவில் ஒரு பாபா நியோன்யா வீடு, மதியச் சாப்பாட்டு நேரம். (பாபா நியோன்யா என்றால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி, மலாய் வழக்கங்களோடு கலந்துவிட்ட சீனர்கள். இந்த வீடுகளில் பாட்டியை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நமக்குத் தலை சுற்றும், அதனால் பாட்டி என்றே வைத்துக்கொள்வோம்.)

பாட்டி: ஏண்டா, சோறு ஆறிப்போகிறது, தட்டில் என்ன கோழி மாதிரி கொத்திக்கொண்டிருக்கிறாய்?

பேரன்: பழகுகிறேன் பாட்டி. நேற்று கோலாலம்பூரில் ஆபீஸ் விருந்து. மீன் உருண்டையைச் சாப்ஸ்டிக்கில் பிடித்தேன், அது வழுக்கிக்கொண்டு போய் மேனேஜர் டீயில் விழுந்துவிட்டது. ‘நீ நிஜமாகவே சீனன்தானா?’ என்று கேட்டார். மேசையே சிரித்தது.

பாட்டி: கேட்டவர் எதில் சாப்பிட்டார்?

பேரன்: கிண்ணத்தில். வாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே தள்ளினார்.

பாட்டி: அப்படித் தள்ளினால் எனக்கும்தான் வரும். நீ தட்டில் உதிரிச் சோற்றைப் போட்டு, மேலே குழம்பையும் ஊற்றிவிட்டுக் குச்சியால் பொறுக்கிக்கொண்டிருக்கிறாய். விடிந்துவிடும். குழம்பில் கிடக்கிற அந்தப் புவா கெலுவாக் கொட்டைக்குள் இருக்கும் சதையை எதை வைத்துக் குடைவாய்?

பேரன்: சீனர் என்றாலே குச்சிதான் பாட்டி, ஆதியிலிருந்தே அப்படித்தான். இரு, போனில் காட்டுகிறேன். (தேடுகிறான். முகம் மாறுகிறது.)

பாட்டி: என்ன போட்டிருக்கிறது?

பேரன்: ஒன்றுமில்லை.

பாட்டி: படி.

பேரன்: 2,000 வருஷத்துக்கு முந்தைய லீஜி என்ற சீனச் சடங்கு நூலில்... பனிவரகுச் சோற்றைக் குச்சியால் சாப்பிடக்கூடாதாம். குழம்பில் கீரை, காய் கிடந்தால் அதை எடுக்கத்தான் குச்சியாம். அந்தக் காலத்தில் சோற்றுக்குக் கைதானாம்.

பாட்டி: (சம்பல் பெலாச்சான் என்ற இறால் மிளகாய்த் துவையல் ஒட்டிய விரலை நக்கியபடி) அப்படியென்றால் நான்தான் அசல் பழைய சீனச்சி. உன் மேனேஜரை வந்து என் காலில் விழச் சொல்.

(பேரன் வெறுத்துப்போய்க் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவிடுகிறான்.)

பாட்டி: ஐயோ, எடுடா! செத்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றின மாதிரி... (உற்றுப் பார்த்து) இரு, இந்தக் குச்சி ஏது உனக்கு?

பேரன்: படையல் அலமாரியில் இருந்தது. வீட்டில் வேறு குச்சியே இல்லையே!

பாட்டி: அடப்பாவி, அது உன் தாத்தாவுக்குப் படைக்கும்போது வைக்கிறது. 70 வயது வரை கையாலேயே சாப்பிட்ட மனுஷன், செத்த பிறகுதான் குச்சி பிடிக்கவே கற்றுக்கொண்டார். உனக்கு என்னடா இப்போதே அவசரம்?

(பேரன் கை கழுவ எழுந்து போகிறான்.)