பத்தாவது வருடத்துப் பற்றரிக்கு யார் காசு வைப்பது?

மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு அமைப்பு சோலார் பூட்டித் தந்தது. கூரையில் இரண்டு தகடு, உள்ளே இரண்டு பற்றரி, ஆறு விளக்கு. ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை அங்கே இருந்து படித்தார்கள். மூன்றாவது மாரியோடு விளக்குகள் மங்கத் தொடங்கின, பிறகு ஏழரைக்கே அணைந்துபோயின. பற்றரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தோம். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தட்டெல்லாம் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்றார். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம், நிலையத்தின் சந்தா பேப்பர் வாங்கவே காணாது. அமைப்புக்குக் கடிதம் எழுதினோம், அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. தகடுகள் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன, கொடையாளியின் பெயர் பொறித்த கல் சுவரில் இருந்தது, அதற்குக் கீழே மேசையில் நாங்கள் மறுபடி அரிக்கன் லாம்பைக் கொண்டுபோய் வைத்தோம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தை அடுத்த கடலில் இருக்கிற இந்த மூன்று தீவுகளும் இலங்கையின் பெரிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் ஜெனரேற்றர் ஓடினால்தான் கரண்ட். அந்த டீசல் கடல் கடந்து வரவேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நெடுந்தீவுக்கு ஆளும் அரிசியும் சீமெந்தும் காஸ் சிலிண்டரும் எல்லாம் படகில்தான் போகின்றன, காற்று எழும்பினால் எல்லாமே நின்றுவிடும். 2022இல் நாடே டீசலுக்கு வரிசையில் நின்றபோது, நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, எண்ணெயை மட்டுமே நம்பி வாழ்கிற தீவுக்காரர் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றும் வெயிலும் அளவில்லாமல் கிடக்கிற இடம் அது!

இந்தத் தீவுகளுக்குச் சூரியசக்தியும் காற்றும் பற்றரியும் சேர்ந்த கலப்பு மின்நிலையம் அமைக்க 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், பணம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடன். இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் சீனாவா என்று இந்தியா எதிர்த்தது. அந்த வருடக் கடைசியில் வேலை நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் சொன்னது. 2022 மார்ச்சில் இந்தியா அதையே நன்கொடையாகச் செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு கையெழுத்தானது. 11 மில்லியன் டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி பற்றரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். 2024 டிசம்பரில் ஜனாதிபதி டெல்லி போனபோதும் இதைக் காலத்தோடு முடிப்பதாகக் கூட்டறிக்கையில் எழுதினார்கள்.

கடனாக இருந்தது நன்கொடையானது நல்லதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இந்தியாவா சீனாவா என்று பத்திரிகைகள் எழுதின அளவுக்கு, இந்த இயந்திரங்களை யார் பராமரிப்பது, எந்தக் காசில் என்று ஒருவரும் எழுதவில்லை. என்னுடைய கவலை முழுக்க அதுதான்.

தகடு இருபத்தைந்து வருடம் உழைக்கும். லிதியம் பற்றரி நன்றாகப் பார்த்தால் பத்து வருடம் போகும், கொஞ்சம் கூடவும் போகலாம். இன்வேட்டருக்கும் ஏறக்குறைய அதே ஆயுள்தான். அப்புறம் இது தீவு. உப்புக் காற்று எதையும் விடாது. நெடுந்தீவில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைத் தொட்டுப் பார்த்தேன், வாங்கி இரண்டு வருடம் என்றார்கள், செயின் கவரை விரலால் தட்ட செதில் செதிலாக உதிர்ந்தது. காற்றாலையின் ஆணிக்கும் தகட்டைப் பிடிக்கிற கிளிப்புக்கும் இதே கதிதான். மாதாமாதம் ஏறிப் பார்த்து, கழுவி, துருப் பிடித்ததை மாற்றுகிற ஆள் தீவிலேயே இருக்கவேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

இப்படிப் பேசுவதை அவநம்பிக்கை என்று நினைக்காதீர்கள். நடந்தது இருக்கிறது. பீகாரில் தர்ணை என்று ஒரு கிராமம், முப்பது வருடத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தது. 2014இல் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பு ஏறக்குறைய மூன்று கோடி இந்திய ரூபா செலவில் 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் போட்டுக் கொடுத்தது. உலகமே எழுதியது. பீகார் அரசியல்வாதி நிதிஷ் குமார் திறந்துவைக்க வந்தபோது ஊர் ஆட்கள் எங்களுக்கு உண்மையான கரண்ட் வேண்டும் என்று கேட்டார்கள். பிழை சொல்ல முடியாது. ஃபிரிட்ஜ் போடாதே, கூடின கரண்ட் இழுக்கிற சாமான் போடாதே என்று கட்டுப்பாடு, விலையும் அரச மின்சாரத்தை விடக் கூட. கொஞ்ச நாளில் அரச லைன் வந்தது, மலிவாக வந்தது, எல்லோரும் அதற்கு மாறினார்கள். பற்றரி செத்தபோது மாற்ற ஆள் இல்லை. 2021இல் அந்த மின்நிலையக் கட்டடத்தில் மாடு கட்டியிருந்தார்கள்.

நம் நாட்டு மலையோரக் கிராமங்களிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது, அது இன்னும் மனதை வருத்துகிறது. தொண்ணூறுகளிலிருந்து ஓடைத் தண்ணீரில் சின்ன மின்நிலையம் போட்ட ஊர்கள் எத்தனையோ. சனங்கள் தாங்களே வாய்க்கால் வெட்டி, குழாயைத் தோளில் சுமந்து மலையேற்றி, சங்கம் அமைத்து, மாதக்காசு தாங்களே தீர்மானித்து, விசையாழி பழுதானால் தாங்களே கழற்றிப் பூட்டினார்கள். உலக வங்கியின் திட்டம் அவர்களுக்கு மானியமும் வங்கிக் கடனுக்கு வழியும் செய்தது. பிறகு மின்சார சபையின் லைன் ஊருக்குள் வந்ததும் அந்த நிலையங்களில் நிறைய அப்படியே கைவிடப்பட்டன. அவற்றின் மின்சாரத்தைப் பெரிய வலையமைப்புக்கு விற்க வழி செய்திருக்கலாம், ஒருசில இடத்தில் பரீட்சார்த்தமாகச் செய்தும் பார்த்தார்கள், ஆனால் பெரும்பாலானவைக்கு அந்த வாய்ப்பு வருமுன்பே வாய்க்காலில் புல் முளைத்துவிட்டது. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தீவுகளுக்கு அந்தப் பயம் குறைவு. கடலைத் தாண்டி நாளைக்கே பெரிய லைன் வரப்போவதில்லை. இங்கே போட்டி டீசலோடுதான். அதனால் எனக்குத் தெளிவாகத் தெரிகிற ஒரு வழி இருக்கிறது. நாடு முழுக்க ஒரே கட்டணம் என்பதால் நெடுந்தீவுக்காரரும் யாழ்ப்பாண ரவுண்காரர் கட்டுகிற அதே விலையைத்தான் ஓர் அலகுக்குக் கட்டுகிறார்கள். அது நியாயம், அதில் கைவைக்கவே கூடாது, ஏழைகளுக்குப் போடுகிற மின்சாரத்தைக் கூடின விலைக்கு விற்கிற அநியாயம் ஆபிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் நடக்கிறது. ஆனால் கடல் கடந்த டீசலில் அந்த ஓர் அலகை உற்பத்தி செய்ய ஆகிற செலவு அந்தக் கட்டணத்துக்கு மேலே எங்கேயோ இருக்கும். வித்தியாசத்தை இவ்வளவு காலமும் மின்சார சபைதான் தாங்கியது, அதாவது நாம் எல்லோரும் தாங்கினோம். சூரியசக்தி வந்ததும் எரிக்காமல் மிச்சமாகிற ஒவ்வொரு லீற்றர் டீசலும் மிச்சக் காசு. அந்தக் காசு எங்கே போகப்போகிறது? பொதுக் கணக்கில் கரைந்து போகக்கூடாது. அதில் ஒரு பங்கை ஒவ்வொரு மாதமும் தனிக் கணக்கில் போட்டு, இது தீவுகளின் பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் மட்டும் என்று பூட்டி வைக்கவேண்டும். பத்து வருடம் சேர்ந்தால் டெல்லியையோ மணிலாவில் இருக்கிற ஆசிய அபிவிருத்தி வங்கியையோ பார்த்துக் கையேந்தத் தேவையில்லை.

நைஜீரியாவில் ஒரு முறை வைத்தார்கள், எனக்குப் பிடித்தது. சிறு மின்வலை போடுகிற நிறுவனத்துக்கு மானியத்தை முன்கூட்டிக் கொடுக்காமல், ஒரு இணைப்புக்கு 350 டொலர் என்று கணக்கு வைத்து, வீட்டுக்குக் கரண்ட் போய் தொண்ணூறு நாள் ஒழுங்காக ஓடியதைச் சோதித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கம்பம் நட்டதற்குக் காசில்லை, விளக்கு எரிந்ததற்குக் காசு. என்னைக் கேட்டால் தொண்ணூறு நாளும் காணாது, ஐந்தாம் வருடத்துக்கும் பத்தாம் வருடத்துக்கும் ஒரு பங்கைப் பிடித்து வைக்கவேண்டும். 2030க்குள் 30 கோடி ஆபிரிக்கர்களுக்கு மின்சாரம் என்று உலக வங்கியும் ஆபிரிக்க அபிவிருத்தி வங்கியும் சேர்ந்து கிளம்பியிருக்கின்றன. அவ்வளவு பெரிய வேலையில் இணைப்பின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் எத்தனை தர்ணை வரும்?

இன்னொன்று. பகலில் வெயில் கொட்டும்போது தீவில் கரண்ட் பாவனை குறைவு, ஆண்கள் கடலில், பிள்ளைகள் பள்ளியில். இரவில்தான் எல்லாம் பற்றரியில் விழும். பகல் கரண்டுக்கு வேலை கொடுக்க ஐஸ் போடுகிற இயந்திரம் ஒன்று தீவிலேயே இருந்தால் பற்றரிக்கும் ஆறுதல், மீனுக்கும் விலை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டியை சாக்கால் மூடிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிற ஒருவரோடு பேசினேன், போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன், கையை அரைவாசியில் வைத்துக் காட்டினார். நெடுந்தீவின் உவர்த் தண்ணீரைக் குடிதண்ணீராக்கவும் பகல் கரண்ட்தான் தோது. இவையெல்லாம் திட்டத்துக்கு வெளியே, வேறு அமைச்சு, வேறு கோப்பு என்று தள்ளிவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

தீவில் இருக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எப்போது திறப்பீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, தீவுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்த வேலை பழக்குவீர்கள், மிச்சமாகிற டீசல் காசு எந்தக் கணக்கில் போகும் என்று கேளுங்கள், பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நானும் பகிர்கிறேன்.