பரப்பளவு மட்டும் போதாது

மொரீசியஸ் தீவில் காப்புப் பகுதிகளை விரிவாக்க வேண்டும் என்னும் கட்டுரையின் கருத்தை ஏற்கிறேன். ஆனால், பரப்பைவிடப் பராமரிப்பே முதன்மையானது. 1994இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவிற்குள்ளேயே சீனக் கொய்யா மண்டி, அந்த மண்ணுக்குரிய மரங்களின் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் நெருக்குவதால், மானும் பன்றியும் நுழையாதபடி வேலியிட்ட சிறு பகுதிகளில் ஆட்கள் அதைத் திரும்பத் திரும்பக் களைய வேண்டியிருக்கிறது. 1974இல் காட்டில் நான்கே எஞ்சியிருந்ததாக அறியப்பட்ட மொரீசியஸ் வல்லூறு பிழைத்ததும் இத்தகைய விடாப்பிடியான உழைப்பால்தான். சமவெளிக்கு நடுவே தீவுபோல் நிற்கும் எங்கள் சேர்வராயன் மலையிலும், ஏற்காட்டுச் சாலையோரம் உண்ணிச்செடி புதராக அடர்ந்த இடங்களில் வேறு கன்றுகள் தலைகாட்டுவது அரிதாக இருப்பதை வருத்தத்துடன் காண்கிறேன். ஆகவே, எல்லை வரையும்போதே, களையெடுப்போருக்கான பல ஆண்டுக் கூலியையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.