கணித பாடவேளையில் ஒரு தேவாரம்

கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் தரம் 6 வகுப்பாசிரியையும் நான்தான். நான் சைவம். விபூதி பூசாமல் ஒரு நாளும் வீட்டை விட்டு இறங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பதைப் படித்துவிட்டு, இவவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைப்போல என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பாட நேரத்தில் பிள்ளைகளை வழிபாட்டில் ஈடுபடுத்தக் கூடாது என்று நினைக்கிறேன். எந்த மத வழிபாடாக இருந்தாலும் சரி, எங்களுடையதாக இருந்தாலும் சரி. இந்த முடிவுக்கு வர எனக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது. ஒரு கிழமைக்குள் நடந்த இரண்டு விஷயங்கள்தான் காரணம்.

தம்பியின் மகன், சிங்களப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் ஒரு பாடசாலைக்குப் போகிறான். காலைக் கூட்டத்தில் பன்சில் (பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிமொழிகள்) சொல்லும்போது எல்லோரும் கைகூப்பி நிற்க வேண்டும். ஒரு நாள் இவன் கையைத் தொங்கவிட்டபடி நின்றிருக்கிறான். மாணவத் தலைவன் ஒருவன் வந்து, ஒன்றும் சொல்லாமல் இவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிறு இரவு வெள்ளவத்தையில் தம்பி வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தபோது இந்தக் கதை வந்தது. "இது எங்கட பிள்ளைகளை மாத்துற வேலை அக்கா" என்றான் தம்பி. எனக்கும் சரியான கோபம். அதிபரைப் போய்ப் பார், எழுத்தில் கொடு என்று நான்தான் அவனை ஏற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைக்க என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் வந்தார். முஸ்லிம் குடும்பம். கையெழுத்து வைத்துவிட்டு, போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், மகள் உங்கட தேவாரமெல்லாம் பாடமாக்கிட்டா. வீட்டிலயும் பாடுறா. நாங்க ஒண்டும் ஏசல்ல. ஆனா ஏன் மகள் பாடுறீங்க என்டு கேட்டா, வாய அசைக்காட்டி டீச்சருக்கு விளங்கிடும் என்டு சொல்றா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்ல அவருக்கும் பயமாக இருந்திருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் பட்டது.

என் வகுப்பில் 38 பிள்ளைகள். நான்கு பேர் இஸ்லாம், மூன்று பேர் கிறிஸ்தவம். முதல் பாடவேளை தொடங்கும்போது ஒரு தேவாரம் பாடிவிட்டுத்தான் கொப்பியைத் திறப்போம். அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் பாடச் சொன்னதில்லை. "விருப்பமில்லாத ஆக்கள் சும்மா நில்லுங்கோ" என்று வருடத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். 31 பிள்ளைகள் ஒரே குரலில் பாடும் அறையில், பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று தான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த மாணவத் தலைவன் தம்பி மகனின் கையைப் பிடித்துச் சேர்த்தான். என் வகுப்பில் அதற்குத் தேவையே வரவில்லை, பிள்ளை தானாகவே சேர்த்துக்கொண்டது.

நான் படித்தது ஒரு கன்னியர் மடப் பாடசாலையில். அங்கே சைவப் பிள்ளைகளும் செபமாலை சொன்னோம், முழுவதும் இன்றைக்கும் எனக்குப் பாடம். என்னை யாரும் மதம் மாற்றவில்லை, அந்தச் சிஸ்டர்மார் எங்களை அன்பாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பாடசாலை வாசலுக்கு வரும்போது அம்மா என் நெற்றியில் பூசிவிட்ட விபூதியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே போவேன். துடைக்கச் சொல்லி யாரும் சொன்ன ஞாபகம் இல்லை. நானாகத்தான் துடைத்தேன். பின்னேரம் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பயமாக இருக்கும். அந்தக் கைக்குட்டை ஞாபகத்தை வைத்துக்கொண்டே நான் பத்தொன்பது வருடம் வகுப்பில் தேவாரம் பாடுவித்திருக்கிறேன். ஒன்றையும் மற்றதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு தாய் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஆறுமுக நாவலரை நாங்கள் கும்பிடாத குறையாகப் போற்றுகிறோம். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தைத் தமிழில் கொண்டுவர உழைத்தவர் அவர். அவரே பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். படிப்பு வேண்டுமென்றால் மிஷன் பாடசாலைக்குத்தான் போக வேண்டும், போனால் அவர்களுடைய வேதமும் சேர்ந்துதான் வரும் என்ற நிலை சைவப் பிள்ளைகளுக்கு இருந்ததுதான் காரணம். நாவலருக்குச் சிலை வைக்கிற நாங்கள், அதே நிலையை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எப்படி வைக்கலாம்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, நாங்கள் அடிக்கடி பேசுவது அதைத்தான். அடுத்த உறுப்புரையைப் பேசுவது குறைவு. சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம் ஒவ்வொரு ஆளுக்கும் உண்டு என்கிறது 10ஆம் உறுப்புரை. கருத்துச் சுதந்திரத்தைக் கூடச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம், இதை அப்படி மட்டுப்படுத்த அரசியலமைப்பில் இடமில்லை. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரையும் இதே உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. தம்பி அதிபருக்கு எழுதிய கடிதத்தில் இவை இரண்டையும் குறிப்பிடச் சொன்னது நான். அதே கடிதத்தை அந்தத் தாய் எனக்கு எழுதியிருந்தால் என்ன பதில் எழுதியிருப்பேன்?

இனி, சகோதர ஆசிரியர்கள் சொல்லப்போவது தெரியும். ஓய்வறையில் கேட்டுவிட்டேன்.

"எம்மதமும் சம்மதம், சும்மா நின்றால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒருவர் கேட்டார். அந்தச் சம்மதத்தை எப்போதும் மற்ற வீட்டுப் பிள்ளையிடம்தானே கேட்கிறோம். தம்பி மகனிடம் அப்படிக் கேட்டால் எங்களுக்குப் பொறுக்காது.

இன்னொரு டீச்சர் சொன்னதற்கு என்னால் சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. "கொழும்பில எங்கட பிள்ளைகளுக்கு வேற எங்க இருக்கு? வீட்டுக்கு வெளியில எல்லாம் வேற மொழி, வேற சனம். பாடசாலைதான் மிச்சம். அதையும் விடச் சொல்றீங்களா?" அவர் தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தைப் பார்த்தவர். அந்த ஆடி மாதத்தில் இந்த நகரத்தின் கோவில் மண்டபங்களும் பாடசாலைகளும் அகதி முகாம்களாகின. அப்படியான ஒரு பாடசாலையின் சீமெந்துத் தரையில் படுத்தவர் அவர். அவருக்குத் தேவாரம் வெறும் பாட்டில்லை, நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்பதற்குச் சாட்சி. அவர் கண் கலங்கியபோது நான் வாதத்தை நிறுத்திவிட்டேன்.

இரவு முழுக்க அதைப் பற்றித்தான் யோசித்தேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் வெளியில் எல்லாம் வேறாக இருக்கும்போது உள்ளே ஒரு இடம் வேண்டும் என்ற ஏக்கம் எங்கள் வகுப்பிலிருக்கும் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் இருக்காதா? 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த நகரத்தில் பர்தாவோடு பஸ் ஏறவே பயந்த தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள்.

நவராத்திரிக்குப் பாடசாலையில் எடுக்கிற வாணி விழாவைப் பற்றியும் ஒன்று. பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது, 40 நிமிடத்தில் எட்டுப் பாடவேளை. ஒன்பது நாளில் சனி, ஞாயிறு போனால் ஏழு நாள். போன வருடம் கொலு, பூசை, ஒத்திகை என்று என் வகுப்பில் நாளுக்கு இரண்டு பாடவேளை போனது. 560 நிமிடம். ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல். பின்னத்தையே ஒழுங்காகப் பிடிக்காத பிள்ளைகளுக்கு அது சின்ன நேரமில்லை. பூசை நேரத்தில் ஏழு பிள்ளைகள் நூலகத்தில் சும்மா இருந்தார்கள். பொறுப்புக்கு ஆளில்லை. கலைமகளுக்கு விழா எடுக்கிற அதே நேரத்தில் ஏழு பிள்ளைகளின் படிப்பை நிறுத்தி வைத்திருந்தோம்.

சமயத்தைப் படிப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம், அவரவர் சமயத்தை அவரவர் படிக்கட்டும். மற்றவரின் சமயத்தையும் கொஞ்சம் படித்தால் இன்னும் நல்லது. தமிழ்ப் பாடத்தில் தேவாரம் நடத்தும்போது எந்த முஸ்லிம் பெற்றோரும் ஆட்சேபித்து நான் காணவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் படித்த சைவப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. படித்து முடித்ததும் எழுந்து நின்று கைகூப்பு என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு அடியைத்தான் வகுப்பில் எடுத்து வைக்காதீர்கள் என்கிறேன். கும்பிட வீடு இருக்கிறது, மயூரபதி அம்மன் இருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை இருக்கிறது.

என் வகுப்பில் தேவாரத்தை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. இப்போது ஒரு நிமிடம் அமைதியாக இருக்கிறோம். சில சைவப் பெற்றோர் அதிபரிடம் முறையிட்டார்கள், ஒருவர் என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். தம்பிக்கும் மனவருத்தம், இரண்டும் ஒன்றா அக்கா என்று கேட்கிறான். ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை முதல் கிழமை அந்த ஒரு நிமிடத்திலும் வாயை அசைத்துக்கொண்டு நின்றாள். இப்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள்.

நவராத்திரி வருகிறது. விழாவை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. காலை 6.45க்கு மண்டபத்தில் பூசையை வைப்போம், விரும்புகிற பிள்ளைகள் வரட்டும், 7.30க்கு எல்லோருக்கும் பாடம் தொடங்கட்டும் என்று அதிபரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு வேன் வராது என்றார். உண்மைதான், பாதிப் பிள்ளைகள் வேனில்தான் வருகிறார்கள். நேற்றுப் பின்னேரம் வாசலில் நின்று வேன்காரர்களோடு கதைத்தேன். இரண்டு பேர் முன்னதாக வரச் சம்மதித்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து பேரைப் பிடிக்க வேண்டும்.