மாத்திரை மட்டும் தருகிற திட்டம் இல்லை

‘மக்களைத் தேடி மருத்துவம் என்றால் பிரஷர், சுகர் மாத்திரையோடு சரி. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் வயசானவங்களுக்குக் காசு கொடுத்து ஆள் வைத்தால்தான் உண்டு’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, அது சரியில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு, வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். கொல்லைப் படியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினோம். அடுத்த வாரமே பிசியோதெரபிஸ்ட் வந்தார். அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முழங்காலை நீட்டிப் பத்து வரை எண்ணச் சொன்னார். பிறகு வாசல்படிக்கே கூட்டிப்போய், ‘ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாக்கருக்கு அடுத்து ஆபரேஷன் செய்த கால்’ என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அந்தப் படிதான் அம்மாவுக்குப் பெரிய பயமாக இருந்தது.

ராத்திரி பாத்ரூமுக்குப் பிடித்துக்கொள்ள, குளிப்பாட்ட ஆள் வரமாட்டார்கள். அதில் நீங்கள் சொல்வது சரி, அது முழுக்க வீட்டார் பாடுதான். ஆனால் ஒன்றுமே கிடையாது என்று படித்துவிட்டு யாரும் கேட்காமலே இருந்துவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ பிசியோ வரும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 108.