குரோமியம் தீனி அல்ல

‘வெப்பம் விரும்பும் பாக்டீரியாவைத் தெளித்தால் போதும், வேலூர் வெயிலில் அது ராணிப்பேட்டை குரோமியத்தைத் தின்று தீர்த்துவிடும்’ என்று, ராணிப்பேட்டையில் குவிந்துகிடக்கும் குரோமிய ஆலைக் கழிவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. வெப்பம் விரும்பும் பாக்டீரியாவான ஜியோபேசிலஸில் சில வகைகள் 50, 60 டிகிரியில் ஃபீனால் என்ற ஆலைக் கழிவு நச்சைச் சிதைப்பது உண்மை. ஃபீனால் கரிமச் சேர்மம். முழுக்க உடைந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகப் போய்விடும். குரோமியமோ தனிமம். எந்த உயிரும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. மழைத் தண்ணீரை மஞ்சளாக்கி ஊறிவரும் குரோமியம்-6 என்ற நச்சு வடிவத்தை, எளிதில் கரையாத, நச்சு குறைந்த குரோமியம்-3 வடிவத்துக்கு மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. அப்படி மாறினாலும் மண்ணிலேயேதான் கிடக்கும்.

அப்புறம் வெயில். கத்திரியில் 42 டிகிரி என்பது காற்றின் சூடு. ஒரு முழம் தோண்டினால் முப்பது சொச்சம்தான். வெப்பம் விரும்பும் பாக்டீரியாவுக்கு அது மார்கழிக் குளிர்! கொதிக்கக் கொதிக்க வெளியேறும் ஆலைக் கழிவுநீர் என்றால் வேறு பேச்சு.