பல்பை மாற்றுங்கள், பழசை என்ன செய்கிறீர்கள்?

எல்.இ.டி. பல்பு போட்டால் கண் போய்விடும், தூக்கம் கெடும், புற்றுநோய் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. கொடைக்கானலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற பாவத்துக்கு, அதை எனக்கு அனுப்பாத ஆளில்லை. போன வாரம் வில்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, "தம்பி, எனக்குப் பழைய குண்டு பல்பே குடு. புதுசு கண்ணைக் கெடுக்குமாமே, பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறா" என்றார். "மங்கல் வெளிச்சத்துல படிச்சாதான்மா கண்ணு வலிக்கும்" என்றேன். நம்பவில்லை. இரண்டு குண்டு பல்பு வாங்கிக்கொண்டுதான் போனார்.

கடையில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். என் கருத்து இதுதான்: புது பல்பைப் பற்றி நமக்கு இருக்கிற பயத்தில் பாதியாவது கழற்றி வீசுகிற பழைய பல்பின் மேல் இருக்க வேண்டும். அதுவும் இந்த ஊர்க்காரர்களுக்கு.

முதலில் கரண்ட் கணக்கு. 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு ஒரு பல்புக்கு 90 யூனிட்டுக்கு மேல் மிச்சம். அரசு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தருகிற 100 யூனிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஆரம்பித்த உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் போயிருக்கின்றன. அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்தால் புகையோடு பாதரசமும் வரும் என்பதால், மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் காற்றுக்கும் நல்லதுதான். இதில் வாதாட எதுவுமில்லை.

குண்டு பல்புக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது இழுக்கிற கரண்டில் வெளிச்சமாவது நூற்றுக்கு ஐந்து பங்குதான், மீதியெல்லாம் சூடு. சமவெளியில் அது வீண். இங்கே மழை மாதங்களில் துணி அலமாரிக்குள் ஒரு சின்ன குண்டு பல்பு எரியவிடாத வீடு குறைவு. இல்லாவிட்டால் பட்டுப்புடவை மடிப்பிலும் தோல் செருப்பிலும் பூஞ்சை பூத்துவிடும். கேமரா லென்ஸ் வைக்கிற பெட்டிக்கும் அதேதான். மேல்மலையில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் கூடைக்கு மேல் தொங்கவிடுவதும் அதைத்தான். இந்த வேலைகளை எல்.இ.டி. செய்யாது. இதற்கெல்லாம் குண்டு பல்பு வாங்குங்கள், நானே எடுத்துத் தருகிறேன். ஆனால் ஜீரோ வாட் என்று பெயர் வைத்த பழைய இரவு விளக்குகூட 15 வாட் வரை இழுக்கும், அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அப்புறம் எல்.இ.டி. மேல் சொல்கிற குற்றச்சாட்டுகள். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி.தான். அதைச் சாத்தியமாக்கிய, ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசினால் இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சைப் பொறுத்து நீலம் கூடும், குறையும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் எண் பெட்டியில் இருக்கும். 6500 கே என்றிருந்தால் நீலம் தூக்கல். 2700, 3000 கே என்றால் நாம் சொல்கிற மஞ்சள் லைட். ராத்திரியில் நீல வெளிச்சம் அதிகம் பட்டால் தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். அந்த அளவுக்கு வாட்ஸ்அப் சொல்வது உண்மை. பார்வையே போய்விடும் என்பது கதை. கூரையில் எரிகிற 9 வாட் பல்பு நம்ம ஊர் மேகமூட்டப் பகல் வெளிச்சத்துக்குக்கூட ஈடாகாது. புற்றுநோய்ப் பேச்சு, இரவு ஷிஃப்ட் வேலையை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தியதிலிருந்து கிளம்பியிருக்கலாம். ராத்திரியெல்லாம் விழித்து வேலை பார்ப்பதும், எட்டு மணிக்கு லைட் போட்டுச் சாப்பிடுவதும் ஒன்றா?

தலைவலிக்கிறது என்பவர்களை நான் நம்புகிறேன். மலிவு பல்பில் கரண்டைச் சீராக்கித் தருகிற டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட் மட்டமாக இருந்தால் வெளிச்சம் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் திரையில் கறுப்புக் கோடுகள் ஓடும். வாங்குவதற்கு முன் கடையிலேயே இப்படிச் சோதித்துப் பாருங்கள், எந்தக் கடைக்காரரும் தப்பாக நினைக்க மாட்டார். ஐப்பசி இடிமழையில் பல்பு செத்துப்போனதென்றால் அதுவும் பெரும்பாலும் அந்த டிரைவர்தான். 25,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம் ஊர் வோல்டேஜ் படித்துப் பார்ப்பதில்லை.

படுக்கையறைக்கும் வராந்தாவுக்கும் மஞ்சள், படிக்கிற மேசைக்கும் சமையலறைக்கும் வெள்ளை. வெளி லைட்டுக்குக் கண்டிப்பாக மஞ்சள். விடுதிக்காரர்கள் சிலர் சோலையைப் பார்த்து வெள்ளை ஃபோகஸ் லைட் திருப்பி வைக்கிறார்கள். நீலம் மிகுந்த வெளிச்சத்துக்குத்தான் பூச்சிகள் அதிகம் மொய்க்கும். விடிந்ததும் சுவரடியில் விட்டில்களைக் கூட்டி அள்ளுகிற பையனைக் கேட்டுப் பாருங்கள். இயற்கையை ரசிக்க வந்தவர்களுக்காகவாம்!

சரி, இப்போது பழைய பல்புக்கு வருகிறேன்.

குண்டு பல்புக்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் சுருள் சுருளாக ஒன்று வந்ததே, சி.எஃப்.எல்., அது உருவம் சுருங்கிய டியூப்லைட்தான். இரண்டுக்குள்ளும் பாதரசம் இருக்கிறது. கரண்ட் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும், கண்ணாடியின் உட்புறத்து வெள்ளைப் பவுடர் அதை வெளிச்சமாக மாற்றும். பாதரசம் இல்லாமல் அது எரியாது. ஒரு சி.எஃப்.எல்.லில் சுமார் 3 முதல் 5 மில்லிகிராம். காய்ச்சல் பார்க்கிற பழைய தெர்மாமீட்டரில் 500 மில்லிகிராமுக்குக் குறையாது. ஆக ஒரு பல்பு உடைந்ததற்காக அலறத் தேவையில்லை. ஆனால் மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கிற பொருள். மண்ணுக்குள், தண்ணீருக்குள் போனால் அங்கேயே இருக்கும். நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்கி மீனுக்குள் ஏற்றிவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளியே தெரிந்த நோயும் ஆலைக் கழிவிலிருந்து மீனுக்குள் ஏறிய மெத்தில் பாதரசத்தால் வந்ததுதான். அந்த ஊர்ப் பெயரிலேயே வந்த சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா 2018-ல் சேர்ந்தது. சி.எஃப்.எல்., டியூப்லைட் இரண்டையும் படிப்படியாக நிறுத்த அந்த ஒப்பந்த நாடுகள் முடிவு செய்திருக்கின்றன.

நமக்கு மினமாட்டா வரை போகவே வேண்டாம். பாம்பார் சோலைக்கு மேலே நின்ற தெர்மாமீட்டர் ஃபேக்டரியை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலிருந்து எண்பதுகளில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. முதலில் நடத்தியது பாண்ட்ஸ் கம்பெனி, பிறகு இந்துஸ்தான் லீவர். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலாங்கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே வந்தது, ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல், அதாவது மூடிப் பதினைந்து வருடம் கழித்து. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதற்குப் பிறகும் ஓடியது. சோலைத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது, அதனால் இது நம் மலையோடு முடிகிற விவகாரமும் இல்லை.

அதெல்லாம் தெரிந்த ஊரில்தான் ஃபியூஸ் போன டியூப்லைட்டைக் குப்பைத்தொட்டியில் செங்குத்தாகச் சொருகி வைக்கிறோம். பையன்கள் சுவரில் அடித்து உடைத்து 'டப்' சத்தம் கேட்டுச் சிரிக்கிறார்கள். திருவிழா மேடையில் முதுகில் உடைத்து வீரம் காட்டுகிறவர்களுக்குக் கை தட்டுகிறோம். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் அந்த வெள்ளைப் பவுடரைச் சுவாசிக்கின்றன.

வீட்டுக்குள் உடைந்தால் சமவெளியைவிட நமக்கு ஒரு சங்கடம் கூடுதல்: குளிருக்குப் பயந்து சன்னலையெல்லாம் சாத்தி, தரையில் கம்பளம் விரித்து வைத்திருக்கிறோம். எவ்வளவு குளிராக இருந்தாலும் முதலில் சன்னலைத் திறங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, ஹீட்டரை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் நீங்களும் வெளியே நில்லுங்கள். விளக்குமாறு, வேக்குவம் கிளீனர் இரண்டும் வேண்டாம், அவை தூளைப் பரப்பிவிடும். தடிமனான அட்டையால் அள்ளி, மிச்சத் தூளை செலோ டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். வெறும் கையால் தொடாதீர்கள்.

இதை எங்கே கொடுப்பது? 2016-ல் வந்து 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டு அபாயக் கழிவு என்று ஒரு வகை இருந்தது. சி.எஃப்.எல்., டியூப்லைட், உடைந்த பாதரச தெர்மாமீட்டர் மூன்றும் அந்த ஒரே பட்டியலில் இருந்தன. அதை வாங்கி வைக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கொடைக்கு வருகிறவர்களின் காரில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் வரி போடுகிறோம். நல்ல காரியம், நான் ஆதரிக்கிறேன். அதில் காட்டுகிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கு இதற்கும் வேண்டும் என்கிறேன்.

அதுவரை என் கடை வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். உடையாத சி.எஃப்.எல்., டியூப்லைட்டைப் புது பல்பு வந்த அட்டைக்குள்ளேயே வைத்துக் கொண்டுவாருங்கள், உடைந்தது என்றால் மூடிய பாட்டிலில். காசு தர மாட்டேன், கேட்காதீர்கள். பாதரச விளக்கு எடுக்க உரிமம் உள்ள மறுசுழற்சிக்காரர்கள் கீழேதான் இருக்கிறார்கள், ஒரு பெட்டிக்காக மலையேறி வர மாட்டார்கள். மூஞ்சிக்கல், பெருமாள்மலை, பண்ணைக்காடு கடைக்கார அண்ணன்மார்கள் ஆளுக்கொரு பெட்டி வைத்தால் ஒரு வண்டி நிரம்பிவிடும், வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம். யார் யார் தயார் என்று கமென்ட்டில் சொல்லுங்கள், மழை பிடிப்பதற்குள் முதல் லோடை இறக்கிவிடலாம்.